தையற்கொப்பியிலிருந்து குளக்கட்டு வரை: கனகராயன்குளத்து ஆரம்ப வகுப்புகளில் கைப்பணிக் கல்வி

நூற்றாண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டார்கள். மடத்து அதிபர்களின் வரிசை, கட்டடங்கள் எழுந்த ஆண்டுகள், வலைப்பந்தாட்ட வெற்றிகள் எல்லாவற்றையும் வேறு சகோதரிகள் எழுதுவார்கள். அவர்கள் எழுத மாட்டாத ஒன்றை நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

நாங்கள் நால்வர். நால்வரும் இந்த மடத்தில் படித்தவர்கள்தான். ஆனாலும் படிக்கிற காலத்தில் ஒருவரையொருவர் கண்டதில்லை. மூத்தவருக்கும் இளையவருக்கும் இடையில் முப்பத்தைந்து வயது வித்தியாசம். எங்களைச் சேர்த்து வைத்தது கனகராயன்குளம். 1970களின் நடுப்பகுதியிலிருந்து 2010களின் நடுப்பகுதி வரை, இடைவெளிகளோடு ஒருவர்பின் ஒருவராக, அந்த ஊரில் மாதா கோயில் வளவை ஒட்டியிருந்த ஒரு சிறிய ஆரம்பப் பாடசாலையில் படிப்பித்திருக்கிறோம். பாடசாலையின் பெயரை எழுதவில்லை. அங்கு படித்த பிள்ளைகளின் கதைகள் கீழே வருகின்றன. அவர்கள் இப்போது பிள்ளை குட்டிக்காரர்.

வவுனியாவிலிருந்து கண்டி வீதியால் வடக்கே வந்தால் ஓமந்தை, புளியங்குளம், அதற்கடுத்தது கனகராயன்குளம், பிறகு மாங்குளம். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு அது பஸ் யன்னலால் பார்த்துப் போகிற ஊர். நியமனக் கடிதத்தில் அந்தப் பெயரைக் கண்டதும் எங்கள் நால்வர் வீட்டிலும் அம்மாமார் அழுதார்கள். "காடு, யானை, மலேரியா" என்ற மூன்று சொற்களும் நான்கு வீட்டிலும் சொல்லப்பட்டன. பின்னாளில் நால்வரும் கூடியிருந்து பேசியபோது அதைச் சொல்லிச் சிரித்தோம். அதேபோல நால்வருக்கும் பொதுவாக இன்னொன்றும் இருந்தது. எங்களுக்குக் கைவேலைப் பாடம் தெரியும் என்று நம்பிக்கொண்டுதான் நாங்கள் அங்கே போனோம்.

கைவேலை என்றால் எங்கள் மடத்தில் படித்த எவருக்கும் முதலில் நினைவு வருவது தையற்கொப்பி. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு சதுரத் துணி ஒட்டியிருக்கும். ஓட்டுத் தையல், பின் தையல், சங்கிலித் தையல், விளிம்பு மடித்துத் தைத்தல், பொத்தான் துளை, கிழிசலுக்கு ஒட்டுப்போடுதல் என்று வரிசையாகப் போகும். சிஸ்ரர் துணியை வாங்கியதும் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார். முன்பக்கம் எவ்வளவு வடிவாக இருந்தாலும் பின்பக்கத்தில் ஒரு முடிச்சுக் கிடந்தால் போதும். "அவிட்டுப்போட்டுத் திரும்பத் தையும் பிள்ளை." கோபமாகச் சொல்லமாட்டார். அதுதான் பெரிய வேதனை. ஒரே பொத்தான் துளையை ஐந்து முறை அவிழ்த்தவர் எங்களில் இருக்கிறார்.

இந்த வழக்கத்தின் வேர் பழையது. 1824இல் உடுவிலில் அமெரிக்க மிஷனரிமார் தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலையிலேயே எழுத்தோடு ஊசியும் நூலும் இருந்தன. பிரான்சின் போர்தோ நகரில் 1820இல் தோன்றிய திருக்குடும்பக் கன்னியர் சபையின் சகோதரிகள், ஆயர் செமேரியா ஆண்டகையின் அழைப்பை ஏற்று 1862இல் யாழ்ப்பாணம் வந்தார்கள். வடக்கில் கத்தோலிக்கப் பெண்கல்வி அவர்களோடுதான் ஊன்றியது. தையலும் பின்னலும் அந்தக் கல்வியின் பிரிக்க முடியாத பாகம். பெண்பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பத் தயங்கிய தகப்பன்மாருக்கு "தையலாவது பழகட்டும்" என்பது ஒரு நல்ல சமாதானமாகவும் இருந்திருக்கும். அநாதைப் பிள்ளைகளுக்கு அது பிழைப்புக்கான வழி.

ஆண்பிள்ளைகளுக்கு வேறு ஏற்பாடு. பொன்ஜீன் ஆண்டகை காலத்துக் கொழும்புத்துறை அநாதை இல்லத்தில் பையன்களுக்குத் தொழில்கள் பழக்கினார்கள். 1876இல் தொடங்கிய 'சத்தியவேத பாதுகாவலன்' பத்திரிகை புனித சூசையப்பர் அச்சகத்தில் அச்சானது. அச்சுக் கோப்பதும் மரம் இழைப்பதும் ஆண்பிள்ளைக்கு, துணி தைப்பது பெண்பிள்ளைக்கு என்ற கோடு அன்றே விழுந்துவிட்டது. நூறு வருடம் கழிந்து படித்த எங்களுக்கும் அந்தக் கோடு அப்படியே இருந்தது. எங்கள் மடத்தில் பன்னிரண்டு வருடம் படித்த காலத்தில் எங்களில் ஒருவர் கையிலும் யாரும் ஒரு சுத்தியலைத் தந்ததில்லை. இதைக் குறையாகச் சொல்லலாமா என்று எங்களுக்குள்ளே விவாதம் நடந்தது. மூவர் சொல்லலாம் என்றோம், ஒருவர் வேண்டாம் என்றார். எழுதிவிட்டோம்.

உலகத்தின் வேறு மூலைகளில் கைப்பணியைப் பிழைப்புக்காக அல்லாமல் படிப்பாகவே பார்த்தவர்கள் இருந்தார்கள். பின்லாந்தில் ஊனோ சிக்னேயஸ் என்ற கல்வியாளரின் முயற்சியால் 1866இல் பொதுப் பாடசாலைச் சட்டத்திலேயே கைப்பணி இடம்பெற்றது. பிள்ளை தச்சனாக வேண்டும் என்பது அவருடைய நோக்கமல்ல. கண்ணும் கையும் புத்தியும் ஒன்றாக வேலை செய்யப் பழகவேண்டும் என்பதே. காந்தி 1937இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழிலை நடுவில் வைத்தது. மரியா மொண்டிசோரி அம்மையார் 1944இல் இலங்கைக்கு வந்து ஆசிரியருக்குப் பயிற்சி அளித்தார்.

இலங்கை அரசாங்கமும் முயலாமல் இல்லை. 1932இல் கண்டிக்கு அருகே ஹந்தெஸ்ஸவில் கிராமியக் கல்வித் திட்டம் தொடங்கியது. பயிர், கைத்தொழில், சுகாதாரம் ஆகியவற்றைப் பாடசாலைக்குள் கொண்டுவரும் திட்டம் அது. 1943இல் வந்த கன்னங்கரா குழுவின் அறிக்கை, ஆரம்பக் கல்வியின் பின் பிள்ளைகளைப் பிரித்து, ஒரு பகுதியினரை நடைமுறைப் பாடசாலைகளுக்கு அனுப்பலாம் என்றது. யாழ்ப்பாணத்துப் பெற்றோர் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. படிப்பு வராத பிள்ளைக்குக் கைவேலை. அந்த எண்ணம் இன்றைக்கும் போகவில்லை. உத்தியோகத்துக்குப் போகும் பிள்ளை மண்ணைத் தொடக்கூடாது என்று நாங்களும்தான் வளர்க்கப்பட்டோம்.

1960 டிசம்பர் 1ஆம் திகதி, உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தென்னிலங்கையில் கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுக்குள்ளேயே குடியிருந்து எதிர்ப்புக் காட்டினார்கள். நகரத்துப் பெரிய கல்லூரிகள் சில கட்டணமும் உதவிப்பணமும் இல்லாமல் தனியே நிற்கத் தீர்மானித்தன. வன்னியில் றோமன் கத்தோலிக்க தமிழ்க் கலவன் பாடசாலை என்று பலகை மாட்டியிருந்த ஓலைக் கொட்டில்களுக்கு அந்தத் தெரிவு இருக்கவில்லை. அவை அரசாங்கத்தின் கைக்குப் போயின. எங்கள் சிறு பாடசாலையும் அவற்றுள் ஒன்று. பெயர்ப்பலகை மாறியது. மாதா கோயில் மணியும், காலைச் செபமும், ஒரே பாயில் இருந்து படித்த வேதக்காரப் பிள்ளைகளும் சைவப் பிள்ளைகளும் மாறவில்லை.

எங்களில் மூத்தவர் அங்கே போன காலம் 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின் காலம். ஆரம்ப வகுப்புகளுக்கு ஒருங்கிணைந்த பாடத்திட்டம். மேல்வகுப்புகளுக்கு முன்தொழிற் பாடங்கள். ஊரில் என்ன தொழில் இருக்கிறதோ அதைப் பாடமாக்கு என்பது அதன் சாரம். மீன்பிடி, மட்பாண்டம், நெசவு எல்லாம் பாடமாயின. 1977இல் அரசாங்கம் மாறியதோடு அதுவும் போய்விட்டது. கைத்தொழிலைத் திணித்துத் தங்கள் பிள்ளைகளின் முன்னேற்றத்தை மறிக்கிறார்கள் என்று பெற்றோர் நினைத்தார்கள். எங்கள் கணிப்பில், இந்த நாட்டுக் கல்வித் திட்டங்களில் ஐந்து வருடம் கூடுதலாக விட்டுப் பார்த்திருக்க வேண்டியது ஒன்று உண்டென்றால் அது அதுதான்.

மூத்தவர் ஆரம்ப வகுப்புக்குக் கைப்பணி படிப்பிக்கத் தொடங்கிய முதல் கிழமையே தோற்றுப்போனார். பெட்டி இழைக்கக் குருத்தோலை கொண்டு வாருங்கள் என்றார். மறுநாள் ஓலையோடு வந்தது இரண்டே இரண்டு பிள்ளைகள். அது பனந்தோப்பு ஊரல்ல. பாலையும் முதிரையும் வீரையும் நிற்கிற காட்டு ஊர். குளத்து ஓரத்தில் வளருகிற பன் தெரியும் பிள்ளைகளுக்கு, இலுக்குப்புல்லால் வேயத் தெரியும், வரிச்சுக் கட்டி மண் அப்பத் தெரியும். யானைக்குக் காவல் இருக்கப் பரண் கட்டுகிற இடத்தில் தகப்பனுக்குக் கயிறு எடுத்துக் கொடுத்த ஒன்பது வயதுப் பையன்கள் இருந்தார்கள். ரீச்சருக்கு நீத்துப்பெட்டி தெரியும், பரண் தெரியாது.

அவர் செய்தது கெட்டித்தனமான காரியம். அரைவாசியாக இழைத்திருந்த நீத்துப்பெட்டி ஒன்றை யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுபோய் வகுப்பின் நடுவில் வைத்துவிட்டு, "இது ஏன் அடியில கூராயிருக்கு?" என்று கேட்டார். பானை வாய்க்குள் இறங்கி இருக்க என்றது ஒரு பிள்ளை. ஆவி எல்லாப் பக்கத்தாலும் போக என்றது இன்னொன்று. அடுத்த கேள்வி: "பரணுக்கு ஏன் குறுக்காலே தடி கட்டுறீங்கள்?" அதற்கு ஒரு பையன் நான்கு ஈர்க்கை எடுத்துச் சதுரமாகக் கட்டிக் காட்டினான். தள்ளினால் சரிந்தது. குறுக்காக ஐந்தாவது ஈர்க்கைக் கட்டினான். நின்றது. வடிவமைப்பு என்ற சொல்லையோ தொழினுட்பம் என்ற சொல்லையோ அன்று யாரும் சொல்லவில்லை. பொருளைப் பார்த்து "ஏன்" என்று கேட்பது மூத்தவர் பின்னால் வந்த எங்கள் மூவருக்கும் விட்டுப்போன முதற்சொத்து.

1990க்குப் பிறகு கதை வேறு. வன்னிக்குள் மண்ணெண்ணெய், பற்றறி, சவர்க்காரம், சீமெந்து எல்லாம் தடைசெய்யப்பட்ட அல்லது அளந்து விடப்பட்ட பொருட்களாயின. மின்சாரம் இல்லை. அந்த வருடங்களைக் கனடாவிலோ இலண்டனிலோ இருந்து கேள்விப்பட்ட சகோதரிகளுக்காக ஜாம் போத்தல் விளக்கை விபரிக்க விரும்புகிறோம். ஒரு வெற்று ஜாம் போத்தல். அடியில் கொஞ்சம் பஞ்சு. பஞ்சு நனைகிற அளவு மண்ணெண்ணெய், அதற்கு மேல் ஒரு துளியும் இல்லை. சைக்கிள் ரியூப்பின் வால்வுக்குள்ளால் திரியை இழுத்து, அதைக் கம்பியால் போத்தலுக்குள் நிறுத்துவது. சுடர் போத்தலுக்குள்ளேயே எரியும். ஆகவே போத்தலே சிமினியாகிக் காற்றையும் மறிக்கும். தட்டுப்பட்டு விழுந்தாலும் எண்ணெய் சிந்தாது, பஞ்சு பிடித்து வைத்திருக்கும். இதைவிடக் குறைந்த பொருளில் இதைவிட நல்ல விளக்கு செய்யமுடியாது என்று நாங்கள் துணிந்து சொல்வோம். இதற்கு ஆக்கவுரிமைப் பத்திரம் எவரிடமும் இல்லை.

எங்களில் இரண்டாமவர் நான்காம் ஆண்டு வகுப்பில் இந்த விளக்கைப் பாடமாக எடுத்தார். பாடத்திட்டத்தில் இல்லை. பிள்ளைகள் வீட்டு விளக்குகளைக் கொண்டுவந்து, எண்ணெய் ஊற்றாமல், ஒவ்வொன்றாக ஒப்பிட்டார்கள். திரி உயர்ந்தால் புகை, தாழ்ந்தால் வெளிச்சம் காணாது. ஒரு பிள்ளையின் தாய் திரியின் நீளத்தைச் சரிபார்க்கப் போத்தலின் வெளியே கீறி அடையாளம் வைத்திருந்தார். அளவுகோல் என்றால் என்ன என்று அதற்குமேல் விளக்கத் தேவையில்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைச் சுழற்றி, டைனமோவில் றேடியோ கேட்பது இன்னொரு பாடம். வீடுகளில் இரவு தமிழோசைச் செய்தி நேரத்தில் சுழற்றுவது பெரும்பாலும் பெண்பிள்ளைகள். மெதுவாகச் சுழற்றினால் அறிவிப்பாளரின் குரல் குறைந்து மறையும் என்பதை அவர்கள் கையால் அறிந்திருந்தார்கள்.

1997 மே 13இல் ஜெயசிக்குறு இராணுவ நடவடிக்கை தொடங்கியது. அது கண்டி வீதியின் மேலாகவே நகர்ந்தது. கனகராயன்குளம் வெறுமையாயிற்று. பாடசாலை மரநிழல்களுக்கும் தறப்பாள் கொட்டில்களுக்கும் போயிற்று. இரண்டாமவர் தூக்கிக்கொண்டு போனவை பதிவேடு, மணி, ஒரு பெட்டி வெண்கட்டி, எங்கள் மடத்துத் தையற்கொப்பி. "ஏனப்பா அதை?" என்று நாங்கள் கேட்டோம். அவரிடமும் விடை இல்லை.

2002இல் போர்நிறுத்தம் வந்து கண்டி வீதி திறந்தபோது மூன்றாமவர் போனார். அந்த நான்கு வருடங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத அனுமதி வேண்டும். எங்கள் நாற்பது வருடத்தில் பாடத்திட்டமும் ஊரும் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் ஒத்துவந்த காலம் அதுதான். 1999இலிருந்து நாடெங்கும் நடைமுறையான ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் சமயம், தாய்மொழி, கணிதம் என்பவற்றோடு "சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்" என்ற பாடத்தைத் தந்தது. விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை என்ற மூன்று வழிகளாலும் படிப்பிக்கச் சொன்னது. செய்து பார்த்துப் படிக்கலாம் என்று அரசாங்கமே காகிதத்தில் எழுதித் தந்தது பெரிய காரியம்.

தரம் 5இல் நீர் பற்றிய பாடம். மூன்றாமவர் பிள்ளைகளைப் பாடசாலைக்குப் பின்னாலிருந்த மண்தரைக்குக் கூட்டிப்போய், ஐந்து குழுவாகப் பிரித்து, "குளம் கட்டுங்கோ" என்றார். ஊரின் பெயரே குளம். அந்தப் பெயரைச் சுமக்கிற கனகராயன் ஆறு வடக்கே ஓடி இரணைமடுவை நிறைக்கிறது. 1902இல் வேலை தொடங்கி 1920இல் முடிந்த இரணைமடு இல்லாமல் கிளிநொச்சியே இல்லை. குளக்கட்டு, துருசு, கலிங்கு என்ற சொற்களை அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் படிப்பிக்க வேண்டியதில்லை. நிபந்தனை மூன்று. கட்டு ஒரு முழத்துக்கு மேல் உயரக்கூடாது. துருசு திறந்து மூடக்கூடியதாக இருக்கவேண்டும். ஒரு வாளி தண்ணீரை அடுத்த மணி அடிக்கும் வரை வைத்திருக்கவேண்டும்.

துருசுக்குப் பப்பாசி இலைக்காம்பு. உள்ளே துளை உள்ளது, வளைவில்லாதது, இலவசம். ஐந்து குழுவும் காம்பைக் கிடத்தி அதன்மேல் மண்ணைக் குவித்தன. ஐந்து குளமும் உடைந்தன. உடைந்த இடம் ஐந்திலும் ஒன்றுதான். ஒரு பெண்பிள்ளை குந்தியிருந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ரீச்சர், தண்ணி குழாய்க்குள்ளால வரேல்ல. குழாய்க்கு வெளியாலதான் ஊருது." மண்ணுக்கும் காம்புக்கும் இடையில் இருந்த மெல்லிய வெளியால் தண்ணீர் வழிபிடித்து, மண்ணை அரித்து, பிறகு கட்டையே தள்ளிவிட்டது. பெரிய அணைகளைக் கட்டும் பொறியியலாளர்களும் இதே இடத்துக்குத்தான் பயப்படுவார்கள் என்பதை மூன்றாமவர் பிறகுதான் வாசித்து அறிந்தார். அன்று அவருக்கும் தெரியாது. தெரியாது என்று பிள்ளைகளிடம் சொன்னார். எங்கள் மடத்தில் ஒரு ஆசிரியை அப்படிச் சொல்லி நாங்கள் கேட்டதில்லை.

மறுநாள் அதே பிள்ளை ஒரு உமலில் புற்றுமண் கொண்டுவந்தாள். "எங்கட அப்பப்பா புற்றுமண்ணைக் குழைச்சுத்தான் துருசடியில வைக்கிறவர்." குழைத்த மண்ணைக் காம்பைச் சுற்றி மூன்று இடத்தில் வளையம் வளையமாக அப்பி, அதன்மேல் மற்ற மண்ணை மெல்லிய படையாகப் போட்டு, ஒவ்வொரு படையையும் காலால் மிதித்தார்கள். அந்தக் குளம் மணி அடிக்கும் வரை நின்றது. பிறகு அடுத்த நாள் காலை வரையும் நின்றது. இரவில் யாரோ வீட்டு நாய் வந்து குடித்துவிட்டுப் போன தடமும் இருந்தது. மற்ற நான்கு குழுக்களும் கேளாமலே தங்கள் கட்டுகளைப் பிரித்து அடியிலிருந்து தொடங்கின.

மூன்றாமவர் அன்று பின்னேரம் தையற்கொப்பியை எடுத்துப் பார்த்ததாகச் சொல்கிறார். அவிழ்த்துப்போட்டுத் திரும்பத் தைக்கிற பழக்கம் சிஸ்ரருடைய வகுப்பில் ஒரு தண்டனையாகத்தான் எங்களுக்குப் பட்டது. குளக்கட்டில் அது தண்டனையல்ல, ஆவல். என்ன வித்தியாசம் என்று நாங்கள் நால்வரும் பலதடவை பேசியிருக்கிறோம். எங்களுக்குக் கிடைத்த விடை இதுதான்: பொத்தான் துளை எப்படி இருக்கவேண்டும் என்பது சிஸ்ரருக்கு முன்கூட்டியே தெரியும். பிழையைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். குளத்தில் பிழையைப் பிள்ளை கண்டுபிடித்தது. ஆனால் ஒன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். மூன்றாமவர் அன்று பொறுமையாக நின்றது, ஐந்து கட்டும் உடைந்தபோது தானே குனிந்து சரிப்படுத்தப் போகாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றது, அது ஊசியும் நூலும் தந்த பொறுமை.

புள்ளி போடுவதில்தான் பிரச்சினை வந்தது. கணிப்பீட்டுப் பதிவேட்டில் அந்தப் பாடத்துக்கு எப்படி எழுதுவது? நின்ற குளத்துக்கு மட்டுமா புள்ளி? மூன்றாமவர் உடைந்த நான்கு குளங்களுக்கும், ஏன் உடைந்தது என்று சொல்லத் தெரிந்தவர்களுக்கு, நிறைந்த புள்ளி போட்டார். மேற்பார்வைக்கு வந்த ஒருவர் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் சரி ரீச்சர், புலமைப்பரிசிலுக்கு எத்தனை மாதிரி வினாத்தாள் செய்வித்தனீங்கள்?" என்று கேட்டார். அவரைக் குறைசொல்ல வரவில்லை. அவருக்கு மேலே கேட்க ஒருவர் இருந்திருப்பார். வெட்டுப்புள்ளிக்கு மேலே எத்தனை பிள்ளை என்பதுதான் ஊருக்கும் பெற்றோருக்கும் பாடசாலையின் தராதரம். தவணை இறுதி வரும்போது கைப்பணிப் பாடவேளை சத்தமில்லாமல் வினாத்தாள் வேளையாகும். நாங்கள் நால்வரும் அதைச் செய்திருக்கிறோம். குளம் கட்டிய வருடத்திலும் மூன்றாம் தவணை முழுக்க வினாத்தாள்தான்.

2006 ஓகஸ்டில் வீதி மீண்டும் மூடப்பட்டது. 2008இன் கடைசியில் ஊர் மீண்டும் எழும்பி நடந்தது. அதற்குப் பிறகு நடந்தவற்றை இந்த மலரில் எழுதப் போவதில்லை. குளம் கட்டிய வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள். எல்லோரும் திரும்பி வரவில்லை.

2010இல் மக்கள் மீள்குடியேறியபோது எங்களில் இளையவர் போனார். கூரையில் தகரம், சுவரில் தறப்பாள், தளபாடம் இல்லை. ஆசிரியர் வழிகாட்டி நூல் மட்டும் புதிதாக இருந்தது. அதில் செயற்பாட்டின் முதல் வரி, சூழலில் கிடைக்கும் பொருட்களைப் பிள்ளைகள் சேகரித்து வரவேண்டும் என்பது. அதே கிழமை பாடசாலைச் சுவரில் மிதிவெடி விழிப்புணர்வுப் படம் ஒட்டப்பட்டது. தெரியாத எந்தப் பொருளையும் தொடாதே, எடுக்காதே, எறியாதே. இரண்டும் ஒரே சுவரில்.

கைப்பணிக்கு நாற்பது வருடமாக நாங்கள் நம்பியிருந்தது பிள்ளை நிலத்தில் கண்டதைக் குனிந்து எடுப்பதை. அதை இப்போது நாங்களே தடுக்க வேண்டியிருந்தது. ஒருநாள் காலை ஒரு பையன் வண்டிக்கு அச்சாணி செய்ய என்று கால்சட்டைப் பையிலிருந்து மினுமினுத்த ஒரு உலோகக் குழாயை எடுத்து மேசையில் வைத்தான். இளையவருக்கு அந்தக் கணத்தில் சத்தம் வரவில்லை. கையால் சைகை காட்டி எல்லாப் பிள்ளைகளையும் பின்பக்கத்தால் வெளியே அனுப்பினார். அந்தப் பையனைக் கடைசியாகத் தானே கையில் பிடித்துக்கொண்டு போனார். வந்து பார்த்தவர்கள் ஒரு பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோனார்கள். அது என்ன என்று எங்களுக்குச் சொல்லப்படவில்லை. நீரிறைக்கும் இயந்திரத்தின் ஒரு துண்டாகவும் இருந்திருக்கலாம். பையன் இரண்டு நாள் பாடசாலைக்கு வரவில்லை. பயத்தாலல்ல, ரீச்சருக்குத் தன்மேல் கோபம் என்று நினைத்து.

அதன்பிறகு இளையவர் வகுப்பில் ஒரு பட்டியல் தொங்கியது. வீட்டுக்குள்ளிருந்து மட்டும் கொண்டுவரலாம்: தீப்பெட்டி, பால்மாப் பெட்டி, பழைய துணி, செருப்பின் றப்பர், சிரட்டை, ஈர்க்கு. உலோகம் எதுவும் ரீச்சர் கடையில் வாங்கித் தந்தது மட்டும். வறுமையிலும் பயத்திலும் எழுந்த பட்டியல்தான். ஆனால் தேய்ந்த செருப்பு றப்பரிலிருந்து வெட்டிய சில்லைப் போல நல்ல சில்லு நாங்கள் கண்டதில்லை. தைப்பொங்கல் காலத்தில் பட்டம் கட்டினார்கள். முச்சை பிழைத்தால் பட்டம் குத்துக்கரணம் அடிக்கும். முச்சைக் கயிற்றின் மேல்முடிச்சை அரை அங்குலம் ஏற்றிப் பார், இறக்கிப் பார் என்று ஒரு கிழமை போனது. விண் பூட்டிய பட்டம் ஒன்று மட்டும் ஏறியது. அந்த இரைச்சலைக் கேட்டு இரண்டு பெரியவர்கள் முதலில் வானத்தைப் பயந்து பார்த்ததை இளையவர் கவனித்திருக்கிறார்.

இன்று மேல்வகுப்புகளில் "செயன்முறைத் தொழினுட்பத் திறன்கள்" இருக்கிறது. சாதாரண தரத்தில் "வடிவமைப்பும் கட்டட நிர்மாணத் தொழினுட்பமும்" போன்ற பாடங்கள் இருக்கின்றன. உயர்தரத்தில் 2013இலிருந்து தொழினுட்பத் துறை என்று ஒரு துறையே இருக்கிறது. பெண்பிள்ளைகளும் எடுக்கிறார்கள். அந்த அளவில் கோடு அழிந்துவருகிறது. ஆனால் தரம் 5 வரை கையில் ஒரு வாளையும் பிடிக்காத பிள்ளையிடம் பதினான்கு வயதில் வடிவமைக்கச் சொல்கிறோம். இங்கிலாந்தில் 1990இலிருந்து வடிவமைப்பும் தொழினுட்பமும் ஐந்து வயதுப் பிள்ளைக்கே கட்டாய பாடம். இலண்டனில் இருக்கும் எங்கள் சகோதரி ஒருவர் தன் மகள் பாடசாலையில் ஒரு சோடிச் செருப்பு வடிவமைத்துத் தைத்ததைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். வரைந்த தாள், செய்த செருப்பு, அடுத்தமுறை எதை மாற்றுவேன் என்று பிள்ளை எழுதிய நான்கு வரி. அந்த நான்கு வரிதான் எங்களுக்குப் பிடித்தது. பின்பக்கத் தையலில் முடிச்சுகள் கிடந்தன. சிஸ்ரர் விடமாட்டார்.

வெளிநாட்டுச் சகோதரிகள் வன்னிப் பாடசாலைகளுக்கு என்ன அனுப்பலாம் என்று அடிக்கடி கேட்கிறீர்கள். கணினிகள் வந்திருக்கின்றன, நன்றி. சில பெட்டி திறக்கப்படாமலும் இருக்கின்றன. மின்சாரமும் பூட்டும் திறப்பும் யார் பொறுப்பு என்ற கேள்வி தீரவில்லை. இந்த முறை நாங்கள் கேட்பது சிறியது. பிள்ளைக் கைக்கு அடங்கும் சுத்தியல் பத்து, கைத்துறப்பணம் இரண்டு, சிறிய மரவாள் ஐந்து, அரம், குறடு, அளவுநாடா, இவற்றை வைத்துப் பூட்ட ஒரு மரப்பெட்டி. பெட்டியை ஊரிலேயே செய்விக்கலாம். குளம் கட்டிய வகுப்பில் இருந்த ஒருவர் இப்போது மாங்குளத்தில் தச்சுப் பட்டறை வைத்திருக்கிறார். விலை கேட்டோம், மரத்துக்கு மட்டும் தந்தால் போதும் என்றார். பட்டியலைச் சங்கச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறோம். ஊசியும் நூலும் வேண்டாமா என்று அவர் கேட்டார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஆண்பிள்ளைகளுக்கும் சேர்த்து என்றோம்.